முட்டி நோவோடு பாம்பன் பாலம் தாண்டுவதற்கு முன்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாராவது இறங்கினால், எந்தக் கால் நோவு என்று எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். படியிலிருந்து எந்தக் காலை முதலில் கீழே வைக்கிறாரோ, அதுதான் நோவுக்கால். உடம்பைத் தாங்கி இறக்கும் வேலை மேல்படியில் நிற்கும் காலுக்கு. அதனால் நல்ல காலை மேலே நிறுத்திவிட்டு நொந்த காலை முதலில் விடுவார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பே கற்றுக்கொள்கிறது.

எனக்கு ஊர் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கச்சிமடம். 22 வருடமாக ராமநாதபுரத்தில் பிசியோதெரபிஸ்ட் வேலை. நான் கத்தி எடுப்பவன் அல்ல. கத்திக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்களைப் பார்ப்பவன். வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் கவரைத்தான் நீட்டுவார்கள். "பாருங்க தம்பி, எப்படியிருக்குன்னு சொல்லுங்க." நான் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன செய்ய முடியலன்னு நீங்க முதல்ல சொல்லுங்க" என்பேன். சிலருக்குக் கோபம் வரும். காசு கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள் இல்லையா?

ஆனால் ஆபரேஷன் படத்துக்குக் கிடையாது, ஆளுக்குத்தான். படத்தில் முட்டி முழுக்கத் தேய்ந்திருக்கும், ஆள் வலையை இழுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவருக்குப் படம் பரவாயில்லை என்றிருக்கும், கக்கூஸ் போய் எழுந்திருக்க முடியாது. டாக்டருக்கு உங்கள் கதைதான் முதல் பரிசோதனை. அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வலிக்குப் பெயர் சொல்லுங்கள்

"வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், இழுப்பு, தெறிப்பு, மதமதப்பு என்று நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது! வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அத்தனையையும் விழுங்கிவிட்டு 'பெயின்' என்கிறோம். வீட்டில் சொல்கிற சொல்லையே அங்கேயும் சொல்லுங்கள்.

உட்கார்ந்து எழுந்ததும் நாலு எட்டு பிடித்து இழுக்கிறது, அப்புறம் இளகுகிறது, சாயங்காலம் மறுபடி உளைகிறது என்றால் பெரும்பாலும் தேய்மானம். காலையில் மூட்டு விறைத்துக்கொண்டு அரை மணிக்குள் விட்டுவிட்டாலும் அதே பக்கம்தான். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டு, இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு முதல் வைத்தியம் கத்தி இல்லை, ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும்தான். சீக்கிரம் தொடங்கினால் மூட்டு பிழைக்கும். தைலம் தேய்த்தே இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, விரல் கோணிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு சங்கடப்படும்.

மதமதப்பு, எறும்பு ஊர்வது, இடுப்பில் தொடங்கிக் கால்விரல் வரை சுள்ளென்று இழுப்பது எல்லாம் நரம்பு விஷயம். அதோடு சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கி, விண்விண் என்று தெறித்து, காய்ச்சலும் அடித்தால் உள்ளே சீழாக இருக்கலாம். அதுவும் அன்றைக்கே போகவேண்டிய கேஸ். சில நாளிலேயே சீழ் குருத்தெலும்பை அரித்துவிடும். படுத்திருக்கும்போதும் ராத்திரியில் குடைகிறது, எடை இறங்குகிறது, சாயங்காலமானால் மேல் கதகதவென்று இருக்கிறது என்றால் எலும்புக் காசநோயா, கட்டியா என்று பார்த்தாக வேண்டும். முட்டி பாதி மடக்கில் பூட்டிக்கொண்டு உதறினால் திறக்கிறது என்றால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து மடிந்திருக்கலாம். கபடி ஆடுகிற பையன்களுக்கு இது அதிகம். 'டப்'பென்று சத்தம் கேட்டு ஒரு சில மணி நேரத்துக்குள் முட்டி பலாச்சுளை மாதிரி உப்பினால் நடுவில் இருக்கும் பெரிய தசைநாரே அறுந்திருக்க வாய்ப்புண்டு.

வலி இருக்கும் இடத்தில்தான் நோய் இருக்கும் என்று கிடையாது. கீழக்கரைப் பக்கத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிற ஒருவர் வந்தார். நாற்பது வயது ஆகவில்லை. கையில் மூன்று தடவை எடுத்த முட்டி எக்ஸ்ரே. மூன்றிலும் முட்டி சுத்தம். படுக்கவைத்து முட்டியை மடக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்படியே தொடையை இடுப்பில் உள்பக்கமாகத் திருப்பினேன். மனிதர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா!" என்று கத்திவிட்டார். நோய் இடுப்பு மூட்டில். அங்கிருக்கும் நரம்பே முட்டிக்கும் போவதால் வலி கீழே பேசுகிறது. எம்ஆர்ஐ எடுத்தபோது தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனது தெரிந்தது. கம்ப்ரசர் காற்றுக் குழாயோடு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வருகிறவர்களுக்கு இது வரும். குடி அதிகமானாலும், ஸ்டீராய்டு கலந்த 'செட் மாத்திரை'யை மாதக்கணக்கில் விழுங்கினாலும் வரும். பந்து நசுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால் எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம். நசுங்கிவிட்டால் இடுப்பு மூட்டு மாற்றுதான். ஆகவே எந்த வேலை செய்கிறீர்கள், கடலில் எவ்வளவு ஆழம் போகிறீர்கள், மெடிக்கலில் என்ன வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நின்றுகொண்டு எடுத்த படம்

போகும்போது மேலே சுருட்டக்கூடிய லுங்கியோ அரைக்கால் சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் தளர்ந்த நைட்டி அல்லது பாவாடை. நடக்கவைத்துப் பார்ப்பார்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நோவுக்கால் மட்டும் தெரிந்தால் போதாது. சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். 'மஞ்சள் மாத்திரை, சின்னது' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

முட்டித் தேய்மானத்துக்கு எக்ஸ்ரே நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும். என் அம்மா விஷயத்தில் இதைத் தவறவிட்டேன், நான் இந்தத் தொழிலில் இருந்தும். அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் பிறந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையைக் கால் முட்டியால் அண்டக் கொடுத்து, மூச்சைப் பிடித்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை. முட்டி போகாமல் என்ன செய்யும்? ஒரு கிளினிக்கில் படுக்கவைத்துப் படம் எடுத்துவிட்டு, 'கொஞ்சம் தேய்மானம், மாத்திரை போதும்' என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் டைக்ளோபினாக் வலி மாத்திரை. வயிறு புண்ணானதுதான் மிச்சம். அப்புறம் இன்னொரு இடத்தில் நிற்கவைத்து எடுத்தார்கள். உள்பக்கத்தில் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டு நின்றன. படுத்திருக்கும்போது மேலிருந்து எடை இல்லாததால் இடைவெளி இருப்பதுபோல் ஏமாற்றியிருக்கிறது. என் மேசையில் நான் தினமும் செய்கிற வேலை, வீட்டுக்குள் கண்ணில் படவில்லை.

வயதானவர் முட்டிக்கு எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ கேட்காதீர்கள். அறுபது தாண்டியவர்களில் பலருக்கு ஏதாவது ஒரு கிழிசல் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து வேண்டாத ஆபரேஷனுக்குப் போனவர்கள் உண்டு. அடிபட்டதற்கு எக்ஸ்ரே என்றால் இரண்டு கோணம் வேண்டும், அடிபட்ட இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரிய வேண்டும். கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரல் அடியில் இருக்கும் குழியில் அழுத்தினால் வலிக்கிறது, படத்தில் ஒன்றுமில்லை என்றால் நம்பிவிடாதீர்கள். அங்கே இருக்கும் சின்ன எலும்பின் கீறல் முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும். கட்டுப் போட்டுவிட்டு 10, 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். போங்கள்.

விழுந்தால், நசுங்கினால்

யாராவது விழுந்தால் நம் ஊரில் முதல் வைத்தியம் சோடா. இரண்டாவது வைத்தியம் டீ. இரண்டுமே வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். திட உணவு என்றால் ஆறு மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வந்து சேர்ந்த பிறகு, பாதி வழியில் தின்ன வடைக்காக ராத்திரி முழுக்கக் காத்திருந்த கேஸ் எனக்குத் தெரியும்.

கை காலை இழுத்து நேராக்காதீர்கள். எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, இரண்டு பக்கமும் பனை மட்டையை வைத்து, நடுவில் துண்டைத் திணித்துக் கட்டுங்கள். பனை மட்டைக்கு இணையான சிம்பு இந்தக் கரையில் வேறில்லை. முறிவுக்கு நேர் மேலே முடிச்சு விழக் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோல் கிழிந்து எலும்பு எட்டிப் பார்த்தால் சுத்தமான துணியால் மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். காயம் கடல் தண்ணீரில் நனைந்ததா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடல் தண்ணீரில் இருக்கும் சில கிருமிகளுக்கு வேறு மருந்து சேர்க்க வேண்டிவரும்.

விசைப்படகில் வின்ச் கயிற்றில் விரல் போவது புதிதல்ல. துண்டான விரலை நம் ஆட்கள் நேராக மீன் ஐஸில் போட்டுவிடுவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும். விரலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, ஒரு பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். கடல் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. குளிர்ச்சியில் விரல் பல மணி நேரம் தாங்கும், மதுரை வரைக்கும் கொண்டுபோகலாம். கையில் மீந்த இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து உயரத் தூக்கி வைத்தால் பெரும்பாலும் ரத்தம் நிற்கும்.

சாயல்குடி, சிக்கல் பக்கம் பனையேறிகள் விழுந்தால் குதிகாலில்தான் இறங்குவார்கள். குதிகால் எலும்பு அப்பளம் மாதிரி நொறுங்கும். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த அதிர்ச்சி கால் வழியாக மேலேறி இடுப்புக்கு மேல் முதுகெலும்பையும் நசுக்கியிருக்கும். குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் படம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். தூக்கும்போதே முதுகு வளையாமல் பலகையில் தூக்குங்கள்.

அடுத்தது புத்தூர் கட்டு. கிண்டல் செய்யமாட்டேன். கால் சுண்டுவிரல் கீறலோ விலா எலும்புக் கீறலோ எந்தக் கட்டுப் போட்டாலும் ஆறும், சும்மா விட்டாலும் ஆறும். அதனால்தான் கட்டுக்காரர்களுக்குப் பெயர் நிற்கிறது. ஆனால் குழந்தையின் முழங்கை, இடுப்பு, மூட்டை ஒட்டிய முறிவு, தோல் கிழிந்த முறிவு, இந்த நான்கையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. நாவல் மரத்திலிருந்து விழுந்த எட்டு வயதுப் பையன் ஒருவனை முறிந்து நாற்பது நாள் கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். அதுவரை தினமும் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். முழங்கை முன்பக்கம் தொட்டுப் பார்த்தேன், சதைக்குள் கல் மாதிரி இருந்தது. அடிபட்ட முழங்கையை நீவினால் சதைக்குள்ளேயே எலும்பு வளரும். அவன் கை இன்றும் வாய்வரை முழுசாக மடங்காது. "நல்லாகணும்னுதான செஞ்சோம் அண்ணே" என்றார் அவன் அப்பா. என்ன பதில் சொல்வது?

மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, எது போட்டாலும் முதல் இரண்டு நாள் விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்துவிட்டுச் சட்டென்று சிவக்க வேண்டும். விரலை நீங்கள் நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை, விரல் மரக்கிறது என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் கட்டை வெட்டச் சொல்லிப் போங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் ஒரு சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். விடியட்டும் என்று காத்திருந்து கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வயதான அப்பத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்பு முறிவு. 'இந்த வயசுல எதுக்குக் கத்தி' என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். வயதானவரைக் கொல்வது முறிவு இல்லை, படுக்கை. சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். உடம்பு தாங்கும் என்றால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிந்து உட்காரவைப்பது நல்லது. பந்துக்குக் கழுத்து மாதிரி இருக்கும் இடத்தில் முறிந்தால் பந்துக்கு ரத்தம் போகாது என்பதால் வயதானவர்களுக்குப் பந்தையே மாற்றுவார்கள். அதற்குக் கீழே முறிந்தால் உள்ளே கம்பியும் ஆணியும் போட்டுப் பிடிப்பார்கள்.

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. காப்பீட்டு அட்டை கையில் இல்லை என்று பயந்து திரும்ப வேண்டாம்.

கத்தி எப்போது

முறிவுக்குத்தான் அவசரம். தேய்மானத்துக்கு அவசரமே கிடையாது. 'உடனே செய்யாவிட்டால் கால் போய்விடும்' என்று தேய்ந்த முட்டிக்கு யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். எடையைக் குறைப்பது, தொடைத் தசையை வலுவாக்குவது, குத்துக்கால் இடுவதை விடுவது, எப்போதாவது ஒரு ஊசி, இதெல்லாம் முதலில். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் முதல் சில மாதம் கைகொடுக்கும். ஆபரேஷன் நாள் குறித்துவிட்டால் அதற்கு முந்தைய மூன்று மாதம் மூட்டில் ஊசி வேண்டாம், சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஐம்பதுகளில் இருப்பவர், கால் வில்லாக வளைந்து, உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் எலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷனும் உண்டு. அதைக் கேட்டுப் பார்க்காமல் முட்டி மாற்றுக்குத் தாவாதீர்கள்.

அம்மாவிடம் டாக்டர், "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்டார். "ஜெட்டி வரைக்கும்" என்றார் அம்மா. பாவம், டாக்டருக்கு எங்கள் படகுத்துறை ஜெட்டி எங்கே தெரியும்! நான்தான், "ஐந்து நிமிஷம், நடுவில் ஒரு தடவை உட்காருவார்" என்றேன். அப்புறம் அம்மாவே குனிந்துகொண்டு சொன்னார்: "பாசி மூட்டை தூக்க முடியலங்கறத விடுங்கய்யா. வெளிக்குப் போனா எந்திரிக்க முடியல. மகளக் கூப்பிட வேண்டியிருக்கு." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆபரேஷன் முடிவானது அந்த வரியில்தான். படத்தை அவர் அதற்கப்புறம்தான் விளக்குப் பெட்டியில் செருகினார்.

நாளைக் குறிக்கும்போது நம் கரைக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள், தூக்கிவிட ஆள் கிடைக்கும். வருமானம் இல்லாத காலம் என்பதும் உண்மைதான், எனவே காசை முன்பே ஒதுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றமெல்லாம் சேறாக இருக்கும்போது வாக்கரோடு இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

காசு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், விஏஓ சான்று வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷனுக்கு அனுமதி என்பது இடத்துக்கு இடம் மாறும். அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு முடிவு செய்யுங்கள். நம் ராமநாதபுரத்திலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டாம். தனியாரில் செய்தால் பில்லில் இம்ப்ளாண்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்றைக்கு 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

மூட்டு மாற்று என்றதும் காலையே கழற்றி மாட்டுவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பல்லுக்குத் தொப்பி போடுவது மாதிரிதான். படிக்கும் காலத்தில் மதுரையில் நின்று பார்த்திருக்கிறேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கவைப்பார்கள். முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, முட்டிச் சில்லை ஒதுக்கி, தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவுவார்கள். அச்சுக்கட்டை வைத்துத்தான் அறுப்பார்கள். சத்தம் ஆசாரி பட்டறை மாதிரியே இருக்கும். முதலில் மாதிரி உருப்படியை மாட்டி மடக்கி நீட்டிப் பார்த்து, சரியாக நின்றால், நிஜ உலோக மூடியை எலும்புச் சிமெண்டால் ஒட்டுவார்கள். மாவு மாதிரி இருக்கும் சிமெண்ட் கால் மணி நேரத்துக்குள் சூடாகி இறுகிவிடும். நடுவில் வழுக்குவதற்கு ஒரு கெட்டியான பிளாஸ்டிக். மொத்தம் ஒன்றரை, இரண்டு மணி நேரம். பெரும்பாலான முட்டிகள் இருபது வருடம் தாண்டியும் ஓடுகின்றன. ஆனால் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி இல்லை என்றும் சொல்கிறார்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கிருமி தொற்றும். தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

அந்த ஒன்றிரண்டு பேரில் நீங்கள் வராமலிருக்கச் சில வேலைகள் உங்கள் கையில். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) எட்டுக்குள் வர வேண்டும். பீடியை ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். சொத்தைப் பல்லை முதலில் பிடுங்குங்கள். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், காலில் மீன் முள் குத்திய புண் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. முதல் நாள் ராத்திரி வீட்டில் பிளேடால் முடி மழிக்க வேண்டாம், கீறல் வழியாகக் கிருமி போகும், அங்கே மெஷினால் எடுப்பார்கள். விரல் நுனியில் அடர்த்தியான மருதாணி இருந்தால் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் சரியாகக் காட்டாமல் போகலாம். கல்யாண வீட்டிலிருந்து நேராக வருகிறவர்கள் ஒரு விரலையாவது விட்டுவையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது என்று கேட்டு நிறுத்துங்கள், நீங்களாக வேண்டாம்.

மணலில் வாக்கர்

அன்றைக்குச் சாயங்காலமோ மறுநாள் காலையோ எழுப்பி நிறுத்திவிடுவோம். சண்டை போடாதீர்கள். அதுவரை படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், காலில் ரத்தம் தேங்காது.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒரு நல்ல காரியம், முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. சுகமாகத்தான் இருக்கும். நாலு நாள் அப்படிக் கிடந்தால் முட்டி மடங்கியே இறுகிவிடும், அப்புறம் நடக்கும்போது நொண்டல். தலையணையை உருவிவிட்டு, மடித்த துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தொங்கும். இப்போது முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்துங்கள், பத்து எண்ணுங்கள், விடுங்கள். வலிக்கும். நீட்டம் முழுசாக வந்தாக வேண்டும், மடக்கம் மெதுவாக வரும். தையல் பிரிக்கும் இரண்டாவது வாரத்தில் 90 டிகிரி வந்துவிட்டால் நான் திருப்தியாகிவிடுவேன். அதாவது நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் நேராகத் தரையில் பதிய வேண்டும்.

வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். ஆஸ்பத்திரி மொசைக்கில் அழகாக நடந்த அம்மா வீட்டு வாசலில் இறங்கியதும் நின்றுவிட்டார். மணல். வாக்கரின் நான்கு காலும் புதைந்தன. தூக்கினால் மண் சரிகிறது, ஊன்றினால் ஒரு பக்கம் சாய்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு வழி இல்லை. தம்பிதான் பழைய பிளைவுட் துண்டுகளை வாசலிலிருந்து கக்கூஸ் வரை வரிசையாகப் போட்டான். நடுவில் ஆடாமலிருக்க ஓரத்தில் செங்கல். அதற்கப்புறம் கடற்கரைக் குடியிருப்பில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், வீட்டுக்கு வரும் முன்பே பலகை போடச் சொல்லிவிடுகிறேன். கக்கூஸில் நாற்காலிக் கமோடும் சுவரில் ஒரு பிடிகம்பியும் வேண்டும். தொழுகிறவர்கள் நாற்காலியில் தொழலாம். தரையில் உட்காருவதை மறந்துவிடுங்கள்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, தடி நல்ல கால் பக்கக் கையில். எல்லோரும் நோவுக்கால் பக்கமே பிடிப்பார்கள், பிடுங்கி மாற்றிவிடுவேன். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். பஸ்ஸில் அவர்களாகவே செய்ததுதான்.

வடுவுக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு மரத்துக் கிடக்கும், சில மாதம் முட்டி கொஞ்சம் சூடாக இருக்கும், உள்ளே 'டொக்' என்று கேட்கும். பயப்பட வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி இறுகுவது, திடீரென்று மூச்சு வாங்குவது, காய்ச்சலோடு புண்ணில் கசிவது, இந்த மூன்றுக்கும் உடனே போங்கள். கசிகிற புண்ணுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு மூன்று வாரம் கழித்து வராதீர்கள். கடல் குளியல் புண் முழுக்க ஆறி டாக்டர் சொன்ன பிறகுதான். வீட்டில் பயிற்சி கொடுக்க ஆளில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருவதும் உண்டு.

கடைசியாகக் காகிதங்கள். உப்புக் காற்றில் எக்ஸ்ரே பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் செய்தித்தாள் வைத்து பாலிதீன் கவரில் போடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாள் இருக்கும், கம்பெனி, அளவு, எண் எல்லாம் அதில்தான். பின்னால் ஒரு நாள் அந்த முட்டியைத் தொட வேண்டிவந்தால் டாக்டர் அதைத்தான் கேட்பார். அம்மா அதை ரேஷன் கார்டு இருக்கும் பிஸ்கட் டின்னிலேயே வைத்திருக்கிறார். போன மாதம் பல் பிடுங்கப் போனபோதும் டின்னோடு கிளம்பினார். உட்கார்ந்ததும் ஸ்டிக்கர் தாளை எடுத்து நீட்டினாராம். பல் டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, "சரி ஆத்தா, எந்தப் பல்லுன்னு சொல்லுங்க" என்றாராம்.